முள்ளித்துறை மழை

எங்க ஒத்தச்சோலையில மழை பேயணும்னா வெளியூர்க்காரங்க வரணும், வந்து செக்போஸ்ட்டுல வண்டியை நிறுத்தி, பேர் சொல்லி, ஊர் சொல்லி, நுழைவு வரி கட்டி, அங்க கூண்டுல உக்காந்திருக்குற சந்தனமாரி ரசீதைக் கிழிச்சுக் கையில குடுக்கணும். குடுத்த மறு நிமிஷம் அந்த ஆளு எந்த ஊர்ல இருந்து வந்தாரோ அந்த ஊரு மழை எங்க ஊரு மேல இருபது நிமிஷம் பேஞ்சுட்டுப் போகும். இதைச் சொன்னா மலைக்குக் கீழ இருக்குறவங்க என்னை ஒரு மாதிரி பாக்குறாங்க, பாத்தா பாத்துட்டுப் போங்க, நான் செக்போஸ்ட்டுக்கு எதுத்தாப்புல பஜ்ஜிக் கடை போட்டு இருவத்தாறு வருஷம் ஆச்சு, என் கண்ணால பாத்ததைத்தான் சொல்றேன்.

ஒம்பது வருஷத்துக்கு முன்னால எங்க மலையில மழை நின்னு போச்சு. ஏரி வத்தி அடிச்சேறு வெடிச்சுக் கிடந்துச்சு. இருந்த கொஞ்ச நஞ்சத் தண்ணியையும் சீசனுக்கு வந்தவங்க லாட்ஜுல மூணு வேளை குளிச்சே தீத்துட்டாங்க. பேரூராட்சியில கூடிக் கூடிப் பேசி, எங்க தண்ணியைக் குடிக்க வாரவன் தண்ணிக்குன்னு ஏதாச்சும் குடுத்துட்டுப் போகட்டும்னு வண்டிக்கு ஒரு வரி போட்டாங்க. முதல் நாள் முதல் வண்டி நாகர்கோவில் வண்டி. மாரி ரசீதைக் கிழிச்சா, கிழிச்ச சத்தம் அடங்கல, ஒரு மேகம் கிழக்க இருந்தும் ஒரு மேகம் மேற்க இருந்தும் வந்து எங்க தலைக்கு மேல முட்டிக்கிட்டுக் கொட்டுச்சு பாருங்க, என் பஜ்ஜிச் சட்டியில தண்ணி விழுந்து எண்ணெய் தெறிச்சு இந்தா இந்த முழங்கையில இன்னும் வடு இருக்கு. அடுத்த வண்டி கோயமுத்தூரு. அது மரியாதையான மழை, வாங்க போங்கன்னு பேசுற மாதிரி தூறிட்டு அது பாட்டுக்குப் போயிருச்சு. சாயங்காலத்துக்குள்ள ஊருக்கே விஷயம் புரிஞ்சு போச்சு. வரிப்பணம் எங்க போகுதுன்னு வார்டு மெம்பர்கிட்ட சண்டைக்குப் போனாங்களே தவிர, மழை எங்க இருந்து வருதுன்னு ஒருத்தரும் கேக்கல.

அப்புறம் என்ன, பழகிட்டோம். எந்த ஊரு மழைன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுற அளவுக்குப் பழகிட்டோம். மெட்ராஸ் மழைன்னா இந்தா வாரேன் அந்தா வாரேன்னு போக்குக் காட்டிட்டு ஒரேயடியா இறங்கி சாக்கடையை ரோட்டுக்குக் கொண்டு வந்துரும். தஞ்சாவூர் மழையில வைக்கோல் வாசனை அடிக்கும். ராம்நாட்டு வண்டி வந்தா இடி இடிக்கும், மின்னல் வெட்டும், கொடியில கிடக்குற துணியை எல்லாம் அள்ளி மடிச்சு வெச்சுட்டு வந்து பாத்தா நாலு சொட்டு விழுந்திருக்கும். கேரளா நம்பர் பிளேட்டைக் கண்டா கேரட்டுத் தோட்டக்காரங்க பாத்தியில நின்னபடியே கும்பிடுவாங்க. பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் செக்போஸ்ட்டுக்கு போன் போட்டு, எந்த ஊரு வண்டி நிக்குதுன்னு கேட்டுட்டுத்தான் பிரேயரை வெளிய வைக்கலாமா உள்ள வைக்கலாமான்னு முடிவு பண்ணுவாரு. ஒரு தடவை ஏதோ மணல் தேசத்துல இருந்து ஒரு வெள்ளைச் சட்டைக்காரர் வந்து வரி கட்டினாரு. இருபது நிமிஷம் ஊரே அண்ணாந்து பாத்துக்கிட்டு நின்னுச்சு, ஒண்ணும் விழல, அவருக்கே சங்கடமாப் போயி எங்கிட்ட அம்பது பஜ்ஜி வாங்கிட்டுப் போனாரு.

ஒரு வழக்கம் மட்டும் உண்டு. சொந்தக்காரங்ககிட்ட வரி வாங்குறதில்ல. அது தீர்மானத்துல எழுதினது இல்ல, ஆனா மாமன் மச்சானை வாசல்ல நிறுத்திக் காசு வாங்கிட்டு அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சோறு போடுறது? அதனால ரசீதைக் கிழிக்கிறதுக்கு முன்னால மாரி ஒரே ஒரு கேள்வி கேப்பா, "ஊருக்குள்ள சொந்தம் யாராச்சும் இருக்காங்களா?"ன்னு. இருக்காங்கன்னு சொல்லி ஒரு பேரைச் சொன்னா தடுப்புக் கம்பு தூக்கிக்கிரும். வரி கிடையாது, ரசீது கிடையாது, மழையும் கிடையாது. இல்லன்னா ரசீது. ஒரு தடவைதான் கேப்பா, ரெண்டாம் தடவை கேக்குறது இல்ல.

இங்கதான் எங்க புத்தி கோணிக்கிட்டுப் போச்சு. ஏரி நிறைஞ்ச ருசி கண்டுட்டோம் இல்லையா, வீட்டுக்கு வர்ற சொந்தக்காரனை எல்லாம் போன்ல பிடிச்சு, "செக்போஸ்ட்டுல எங்க பேரைச் சொல்லாதீங்க, யாரும் இல்லன்னு சொல்லிருங்க, தோட்டம் காயுது"ன்னு சொல்ல ஆரம்பிச்சோம். என் நாத்தனார் புருஷன் செங்கோட்டைக்காரரு, அவரை நானே அப்படிச் சொல்ல வெச்சு ரெண்டு டிரம் பிடிச்சிருக்கேன். அவங்களும் சிரிச்சுக்கிட்டே சொல்லுவாங்க, "எனக்கு இந்த ஊர்ல யாரும் இல்லம்மா"ன்னு. லாட்ஜுக்கார பரமானந்தத்தோட மூத்த மருமகன் மட்டும் அப்படிச் சொல்லிட்டு, மழை பேஞ்சு முடிக்கிற வரைக்கும் வண்டிக்குள்ளயே உக்காந்து யோசிச்சுட்டு, யாரும் இல்லாத ஊருக்கு எதுக்குப் போகணும்னு வண்டியைத் திருப்பிக்கிட்டுக் கீழ போயிட்டாரு. அதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாசம் சிரிச்சோம்.

மாரி சிரிக்க மாட்டா. பொய் சொல்றாங்கன்னு அவளுக்குத் தெரியும், ஊர்ல யாருக்கு யாரு எந்த முறைன்னு அவளுக்குத் தெரியாததா? ஆனா ஒவ்வொருத்தரும் இல்லன்னு சொல்லும்போது ஒரு நிமிஷம் பேனாவைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே இருப்பா. அப்புறம் கிழிப்பா. எனக்கு அது ஏன்னு அப்ப விளங்கல, பின்னாலதான் தெரிஞ்சுது. ஆனாலும் உங்களுக்கு இப்பவே சொல்லிருதேன், இல்லாட்டி நான் செஞ்ச கூத்து உங்களுக்குப் புரியாமப் போயிரும்.

மாரி எங்க ஊர்க்காரி இல்ல. தூத்துக்குடிப் பக்கம் கடலோரத்துல முள்ளித்துறைன்னு ஒரு ஊரு, பூரா உப்பளம். அங்க உப்பு ஏத்தப் போன எங்க ஊரு லாரி டிரைவர் ராயப்பனோட இருபது வயசுல கிளம்பி வந்தவ. ராயப்பன் வேற சாதி, வேற வேதம். போலீஸ் ஸ்டேஷன்ல ரெண்டு பக்கத்தையும் கூப்பிட்டு வெச்சு, இது உங்க பொண்ணுதானேன்னு இன்ஸ்பெக்டர் கேட்டதுக்கு, அவ அப்பா அவ மூஞ்சிய நேராப் பாத்து, எனக்குப் பொண்ணே கிடையாதுன்னு சொன்னாராம். பக்கத்துல பதினோரு வயசுத் தம்பி அப்பா வேட்டியைப் பிடிச்சுக்கிட்டு நின்னானாம். அம்மா அதுக்கு முன்னாலயே செத்துப் போனா. அதோட சரி, அங்க இருந்து ஒரு ஈ காக்கா இந்தப் பக்கம் வந்தது இல்ல. ராயப்பன் தங்கமான மனுஷன், பேரூராட்சித் தண்ணி லாரி ஓட்டிக்கிட்டு இருந்தவன், காய்ச்சல்ல போயிட்டான். புள்ளை குட்டி கிடையாது. கருணை அடிப்படையில மாரிக்கு இந்த வேலை.

இந்த அப்பா கதையை அவ எங்கிட்டச் சொன்னதே இல்ல. அவ சொன்னது எல்லாம் மழையைப் பத்தித்தான். உப்பளத்துக்காரங்களுக்கு மழைன்னாலே ஆகாதாம், வானம் இருண்டா போதும், ஆம்பளை பொம்பளை எல்லாரும் ஓடி உப்பைக் குவிச்சு ஓலைக் கீத்தைப் போட்டு மூடுவாங்களாம், மழையைப் பிடிச்சுத் திட்டுவாங்களாம். ஆனா அவளுக்கு மட்டும் மழை வேணும். ஏன்னா வெள்ளன இருட்டோட உப்பு வாரப் போற அப்பா, மழை பேஞ்சாத்தான் பகல்ல வீட்டுல இருப்பாரு. அன்னைக்கு ஒரு நாள்தான் மத்தியானச் சோறு எல்லாரும் சேந்து உக்காந்து தின்பாங்களாம். கூரையில இருந்து வடியுற தண்ணி உதட்டுல பட்டா லேசா கரிக்குமாம். "அந்த மழை ஒரு தடவை பேயணும்க்கா, இருபது நிமிஷம் போதும், வேற ஒண்ணும் வேண்டாம்"னு சொல்லுவா. சொல்லும்போது அவ கண்ணு என் கடையைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, எங்கயோ கீழ போயிரும்.

எழுதிக் கேட்டாளா, போனாளான்னு கேக்காதீங்க. போக அவளுக்கு முடியல. அந்த வாசல்ல போயி நின்னா என்ன சொல்லுவாங்கன்னு அவளுக்குத் தெரியும். அவளே வரி கட்டலாம்னா இந்த ஊர்க்காரியாயிட்டாளே, ரேஷன் கார்டு இங்க, ஓட்டு இங்க. தூத்துக்குடி வண்டி நிறைய வரும், ஆனா அது டவுன் மழை, கரிக்காது. உப்பளத்துல வேலை பாக்குறவன் காலு வெந்து கிடக்குறவன், மலையைச் சுத்திப் பாக்கவா வரப் போறான்? ஆனாலும் ஊரே அவளுக்காகக் காத்துக்கிட்டு இருந்துச்சு. டி.என். அறுபத்தொம்பதுன்னு தூத்துக்குடிப் பக்கத்து நம்பரைப் பாத்தாப் போதும், காய்கறிக் கடைக்காரன்ல இருந்து ஸ்வெட்டர் விக்கிறவன் வரைக்கும் ஓடிப் போயி, எந்த ஊரு, எந்த ஊருன்னு கேப்பாங்க. இல்லன்னு தெரிஞ்சா அவங்களுக்கே மூஞ்சி தொங்கிப் போயிரும். ஒம்பது வருஷம் அப்படியே ஓடிப் போச்சு.

இந்தச் சீசன்ல ஒரு நாள், மே மாசம், வண்டி கொண்டை ஊசி வளைவு வரைக்கும் நிக்குது. ஒரு வேன்ல இருந்து இறங்கி ஒருத்தன் என் கடைக்கு வந்தான், முப்பது முப்பத்தி மூணு வயசு இருக்கும், கூடப் பொண்டாட்டி, இடுப்புல ஒரு பொம்பளைப் புள்ளை. அவன் தலையில முடி இப்பத்தான் அரும்புது, மொட்டை போட்டு நாளாகல. டீ கேட்டான். கடலோரத்துப் பேச்சு, கேட்டதுமே எனக்குத் தூக்கிப் போட்டுச்சு. எந்த ஊருப்பான்னு கேட்டேன். முள்ளித்துறைன்னான். கையில இருந்த கிளாசை நான் எப்படிக் கீழ போடாம இருந்தேன்னு எனக்கே தெரியல. அவன் அதோட விடல, "இங்க சந்தனமாரின்னு ஒருத்தவங்க இருக்காங்களாம்மா? லாரி டிரைவர் ராயப்பன் வீட்டுக்காரம்மா"ன்னு கேட்டான். நீ யாருன்னேன். தம்பின்னான். பேரு லிங்கதுரை. அப்பா இறந்து ஒரு மாசம் ஆகுதாம். அவரு இருக்குற வரைக்கும் வர முடியலம்மான்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டான்.

நான் பேசாம இருந்திருக்கணும். கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயி அந்தா உன் அக்கான்னு நிறுத்தியிருக்கணும். இந்த வாய் சும்மா இருந்தால்ல? ஒம்பது வருஷம் அந்த மழை அந்த மழைன்னு அவ ஏங்குனது என் தலைக்குள்ள ஏறிக் கிடக்கு, அதனால அவனை ஓரமா இழுத்து விஷயத்தை எல்லாம் சொல்லி, "அங்க போயி அக்கான்னு நிக்காதய்யா, சொந்தம் யாரும் இருக்காங்களான்னு கேப்பா, யாரும் இல்லன்னு சொல்லிரு, ரசீதைக் கிழிக்கட்டும், உங்க ஊரு மழை பேயட்டும், அவ நனைஞ்சு முடிக்கட்டும், அதுக்கப்புறம் கட்டிப் பிடிச்சுக்கோ"ன்னு சொன்னேன். அவனுக்கு நம்பவும் முடியல, சிரிக்கவும் முடியல. "எங்க ஊரு மழையா? எங்க அக்காவுக்கா?"ன்னு கேட்டுட்டு, கண்ணைத் துடைச்சுக்கிட்டு, சரிம்மா, அவங்க ஆசைப்பட்டா சரின்னுட்டான். அக்காவுக்குக் குடுக்க அவன் ஒண்ணும் கொண்டு வரல போல இருக்கு, கையில இதாச்சும் இருக்கேன்னு அவன் மூஞ்சியில அப்படி ஒரு தெளிவு.

அவன் வேனுக்குப் போனதும் நான் அடுப்பை அணைச்சுட்டு ஊரைக் கூட்டிட்டேன். ஸ்வெட்டர்க் கடை, காய்கறிக் கடை, லாட்ஜு, எல்லாம் காலி. பேரூராட்சித் தலைவரே கார்ல வந்து இறங்குனாரு. முன்னால நின்ன வண்டிங்களோட மழை எல்லாம் பேஞ்சு ஓஞ்சு சுள்ளுன்னு வெயில் அடிக்குது, யாரும் குடை கொண்டு வரல, முள்ளித்துறை மழையில நனையணும்னு எல்லாருக்கும் ஆசை. மாரிக்கு ஒண்ணும் தெரியாது. கூட்டம் எதுக்குன்னு ஒரு தடவை எட்டிப் பாத்தா, மறுபடியும் ரசீதுப் புத்தகத்துல குனிஞ்சுக்கிட்டா.

வேன் வந்து நின்னுச்சு. அவன் இறங்கிக் கூண்டு ஜன்னலுக்கு முன்னால வந்தான். மாரி நிமிந்தா. அப்பத்தான் அவ மூஞ்சி மாறினதைப் பாத்தேன். அவன் அப்படியே அப்பா ஜாடையாம், நெத்தி, மூக்கு, மேலுதடு எல்லாம், இதுவும் எனக்குப் பின்னால தெரிஞ்சதுதான். இருபத்திரெண்டு வருஷத்துக்கு அப்புறம் அந்த மூஞ்சி அவ முன்னால வந்து நிக்குது. பேர் கேட்டா. சொன்னான். ஊர் கேட்டா. சொன்னான். அவ ஒவ்வொரு எழுத்தா ரசீதுல எழுதுனா. எழுத எழுத வானத்துல கிழக்கு மூலையில வெளிறின ஒரு மேகம் எந்திரிச்சு வந்துச்சு, காத்துல உப்பு வாடை, என் பின்னால யாரோ, வந்துருச்சு வந்துருச்சுன்னு முணுமுணுத்தாங்க.

"ஊருக்குள்ள சொந்தம் யாராச்சும் இருக்காங்களா?"ன்னு மாரி கேட்டா. குரல் மட்டும் எப்பவும் போலத்தான் இருந்துச்சு.

"யாரும் இல்லம்மா"ன்னான் அவன்.

நான் சந்தோஷத்துல என் சேலை முந்தானையைப் பிடிச்சுக்கிட்டேன். இனி என்ன, கிழிக்க வேண்டியதுதான். மேகம் செக்போஸ்ட்டுக்கு நேர் மேல வந்து நின்னுக்கிட்டு இருக்கு. ரசீது ஓரத்துல அவ விரல் இருக்கு. ஒம்பது வருஷமா எதுக்காக ஒவ்வொரு வண்டியையும் பாத்தாளோ அது ஒரு கிழி தூரத்துல இருக்கு. அவ கிழிக்கல. அந்த மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருந்தா. பின்னால வண்டிக்காரங்க ஹாரன் அடிக்க ஆரம்பிச்சாங்க. தலைவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாரு, அவரு சம்சாரம் கையைப் பிடிச்சு அழுத்துனாங்க. அப்பத்தான் எனக்கு, மழைக்காகக் காத்திருந்தவ இப்படிக் கிழிக்காம இருக்க மாட்டாளே, நாம என்னமோ தப்புப் பண்ணிட்டோமேன்னு தோணுச்சு.

மாரி ரசீதுல இருந்து கையை எடுத்தா. இந்த ஒம்பது வருஷத்துல செய்யாத ஒண்ணைச் செஞ்சா.

"இன்னொரு தடவை கேக்கேன்"னா. மலைப் பேச்சு எல்லாம் போயி அவ ஊருப் பேச்சு வந்துருச்சு. "ஊருக்குள்ள ஒனக்குச் சொந்தம் யாரும் உண்டுமா, கெடையாதா?"

அவன் திரும்பி என்னைப் பாத்தான். நான் வாயைப் பொத்திக்கிட்டு நின்னேன், தலையை ஆட்டுறதா வேண்டாமான்னு எனக்கே தெரியல. அவன் மறுபடி அவளைப் பாத்தான். அவ கையைப் பாத்தான். அந்த ஸ்டேஷன் அவனுக்கும் ஞாபகம் வந்திருக்கணும், அப்பா வேட்டியைப் பிடிச்சுக்கிட்டு நின்னவன்தானே, அவன் மூஞ்சி அப்படியே வெளுத்துப் போச்சு.

"உண்டு"ன்னான். "எங்க அக்கா."

"பேரு?"

"சந்தனமாரி."

அவ அந்த ரசீது மேல குறுக்க ஒரு கோடு போட்டா. மேலிருந்த மேகம் ஒரு சொட்டுகூட விடாம, அவிழ்ந்து, நூல் நூலாப் பிரிஞ்சு, வந்த வழியே கிழக்க போயிருச்சு. உப்பு வாடையும் கூடவே போச்சு. கூட்டத்துல ஸ்வெட்டர் விக்கிறவன் மூக்கை உறிஞ்சுனான். நான் தெருவுல உக்காந்துட்டேன், எனக்கு அழுகை பொத்துக்கிட்டு வந்துச்சு, அவளுக்காகவா, அந்த மழைக்காகவா, என் புத்தியை நெனச்சுத்தானான்னு இன்னைக்கு வரைக்கும் சொல்லத் தெரியல.

மாரி கம்பைத் தூக்கி விட்டுட்டு வெளிய வந்தா. அவன் கன்னத்துல கைய வெச்சு நெத்தி, மூக்கு எல்லாம் தடவிப் பாத்தா. அவன் திக்கித் திணறி, அக்கா மழை, நீ கேட்டியாமே, அந்தம்மாதான் சொன்னாங்கன்னு என்னைக் கையைக் காட்டுனான். மழை கெடக்கட்டும்னா. அப்புறம் அவன் மொட்டைத் தலையைப் பாத்தா. அப்பாவான்னு கேட்டா. அவன் மொட்டையைத் தடவிக்கிட்டுக் குனிஞ்சான். அவளுக்கு அதுலயே தெரிஞ்சு போச்சு.

"கடைசி வரைக்கும் ஒன் பேரை எடுக்கலக்கா. நானும் கேட்டுக் கேட்டுப் பாத்தேன், அவரு சொல்லவே இல்ல"ன்னு அவன் அழுதான்.

"நீ சொல்லிட்டேல்லா"ன்னா மாரி.

தம்பி பொண்டாட்டி கையில இருந்து புள்ளையை வாங்கி இடுப்புல வெச்சுக்கிட்டா. எங்க யாரையும் பாக்கல, தலைவரையும் பாக்கல, ரசீதுப் புத்தகத்தையும் பேனாவையும் அப்படியே போட்டுட்டு, தூக்குன கம்பை இறக்காம, நடந்தே வீட்டுக்குப் போயிட்டா. வேன் அவ பின்னால மெதுவா உருண்டு போச்சு. அதுக்குப் பின்னால நின்ன வண்டி எல்லாம் வரியும் இல்லாம கேள்வியும் இல்லாம ஒண்ணு ஒண்ணா உள்ள போச்சு. திருவனந்தபுரம் வண்டி ரெண்டு போச்சு, கேரட்டுக்காரங்க பாத்துக்கிட்டே நின்னாங்க, யாரும் தடுக்கல. அன்னைக்கு எங்க ஊர்ல சாயங்காலம் வரைக்கும் வெயில்தான்.

இப்ப முள்ளித்துறையில இருந்து அடிக்கடி ஆள் வருது. லிங்கதுரை வர்றான், அவன் மாமியா வீட்டுக்காரங்க வர்றாங்க, கூட உப்பு வார்றவங்க வர்றாங்க, எல்லாரும் மாரி பேரைத்தான் சொல்லுறாங்க, சொல்லச் சொல்லக் கம்பு தூக்கிக்கிருது. ஆக அந்த ஊரு மழை எங்க ஊர்ல இனி பேயப் போறதே இல்ல. நான் ஒரு தடவை வாயை விட்டது போதும்னு சும்மா இருக்கேன். ஆனா அவங்க வண்டி வந்து நிக்கும்போது, கம்பைத் தூக்குறதுக்கு முன்னால, அவ ஒரு நொடி ஜன்னல் வழியா கிழக்க பாப்பா. அவ பாக்குறது எனக்குத் தெரியும், நானும் பாப்பேன். எங்க ஊர்ல இப்ப யாரும் சொந்தக்காரனை யாரும் இல்லன்னு சொல்லச் சொல்றதில்ல. ஏரி ரெண்டு அடி குறைஞ்சுதான் கிடக்கு. லாட்ஜுக்காரரு மருமகன் மட்டும் இன்னும் வரல.

அன்னைக்கு எழுபத்தியொரு வண்டி வரி கட்டாம உள்ள போனதுக்கு விளக்கம் கேட்டு பேரூராட்சி ஆபீசுல இருந்து மாரிக்கு மெமோ வந்துச்சு. மூணு நாளைக்குள்ள எழுத்து மூலமாப் பதில் தரணும், தவறினா நடவடிக்கைன்னு போட்டிருந்துச்சு. அவ மூணு நாள் காத்திருக்கல, என் கடை பெஞ்சுல உக்காந்து, டீ ஆறுறதுக்குள்ள எழுதி முடிச்சுட்டா. நான் எட்டிப் பாத்தேன். மரியாதைக்குரிய செயல் அலுவலர் அவர்களுக்குன்னு ஆரம்பிச்சு, அதுக்குக் கீழ ஒரே ஒரு வரி இருந்துச்சு.

"எங்க வீட்டுல இருந்து ஆள் வந்திருந்தாங்க."